கால் மேலே, தலை கீழே: பேஸ்மென்ட் யோகா வகுப்பிலிருந்து பயனுள்ள குறிப்புகள்

நியூஜெர்சி எடிசனில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் எட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமை காலையில் யோகா செய்கிறோம். ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்தான் வகுப்பறை. சென்னையில் பல வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மகன் குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்ட ஓர் அம்மாதான் எங்கள் டீச்சர். சூரிய நமஸ்காரமும் திரிகோணாசனமும் உங்களுக்கே தெரியும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். சர்வாங்காசனம், சிரசாசனம் என்று கால் மேலே போகிற ஆசனங்களை அடிபடாமலும் காசைக் கரைக்காமலும் பழக எங்களுக்குக் கைகொடுத்தவை மட்டும் இங்கே. பே ஏரியாவில் ஃப்ரீமான்டில் இருக்கும் சித்தி பெண், டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் நாத்தனார் இருவரும் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன்.

1. முதல் இரண்டு மாதத்துக்குச் சுவர் ஒன்றே போதும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, மல்லாந்து படுத்துக்கொண்டே இரண்டு காலையும் சுவரில் ஏற்றிவிடுங்கள். ஆபீஸ் முடிந்து வந்து ஐந்து நிமிஷம் இப்படிக் கிடந்தால் கால் கனம் இறங்குவது அன்றைக்கே தெரியும்.

2. ஊரில் விபரீதகரணி என்றால் இடுப்பைக் கையால் தாங்கித் தூக்குவது. இங்கே பல வகுப்புகளில் சுவரில் கால் சாய்ப்பதற்கே அந்தப் பெயர். பெயரைக் கேட்டதும் ஏறிவிடாமல், டீச்சர் எதைச் சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. குழந்தைகளையும் பக்கத்தில் வரிசையாகப் படுக்கவைத்துக் காலைச் சுவரில் ஏற்றச் சொல்லுங்கள். கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்துபோன காரைக்கால் அம்மையார் கதையைச் சொன்னால், ஐந்து நிமிஷம் போவதே தெரியாது. என் இளையவள் இதற்கு 'அம்மையார் நேரம்' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

4. இட்லி வேகிற பத்து நிமிஷத்தை விடாதீர்கள். இங்கே சமையலறை மேடை பெரும்பாலும் 36 அங்குல உயரம். அதில் இரண்டு கையையும் ஊன்றிப் பின்னால் நடந்து, முதுகும் கையும் ஒரே கோடாகும்வரை இடுப்பை மடித்து நில்லுங்கள். தோள் திறக்கும், தலையும் கீழே தொங்காது.

5. வகுப்பில் சேர்வதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். பல விஷன் பிளான்களில் வருஷத்துக்கு ஒரு பரிசோதனை சேர்ந்தே வரும், அதற்குத்தான் மாதாமாதம் கட்டுகிறோம். கண்ணாடி பவரோடு நிறுத்தாமல், கண் அழுத்தம் எவ்வளவு என்ற எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள். 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள்.

6. இந்தக் கண் விஷயம் வெறும் பயமுறுத்தல் இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகிய 75 பேரைப் பரிசோதித்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காவது தெரிந்தது. 2015ல் வெளிவந்த இன்னொரு நியூயார்க் ஆய்வில் குனிந்து நிற்பது, சுவரில் கால் சாய்ப்பது ஆகியவற்றில்கூட அழுத்தம் கூடியது. அவர்கள் பார்த்த நான்கு நிலைகளில் அதிகம் கூடியது அதோமுக ஸ்வானாசனத்தில். க்ளாக்கோமா இருந்தாலும் வீட்டில் யாருக்காவது இருந்தாலும் கண் டாக்டர் சம்மதம் இல்லாமல் எந்தத் தலைகீழ் ஆசனமும் வேண்டாம்.

7. மைனஸ் பவர் அதிகம் உள்ள கம்ப்யூட்டர் கண்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். விழித்திரை எப்படி இருக்கிறது என்றும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பிறகு மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திடீரென்று மிதப்பது போலவோ தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

8. பெரிய மருந்துக் கடைகள் பலவற்றில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் இலவசமாக இருக்கும். பால் வாங்கப் போகிற சாக்கில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, போனில் குறித்துவையுங்கள். 130/80ஐத் தொட்டுவிட்டது என்றால் டாக்டரைக் கேட்கும்வரை சுவர் ஆசனத்தைக்கூட நிறுத்திவையுங்கள்.

9. கர்ப்பம், எலும்புத் தேய்மானம், கழுத்து டிஸ்க் தொந்தரவு, நெஞ்செரிச்சல், சமீபத்தில் செய்த ஆபரேஷன் இவற்றில் எது இருந்தாலும் முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு நாட்களில் தலைகீழ் ஆசனங்களை விட்டுவிடுவது பழைய வழக்கம், எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். 'இன்றைக்கு எனக்குச் சுவர்' என்று சொன்னால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

10. சிரசாசனத்துக்கு அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு அரிசிக் கணக்கு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நன்றாகப் பழகிய 45 பேரை நிற்கவைத்து அளந்து, 2015ல் வெளியிட்டார்கள். தலையிலும் கழுத்திலும் இறங்கிய அதிகபட்ச பாரம் உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம். 150 பவுண்டு எடை உள்ளவருக்கு அது 60 முதல் 72 பவுண்டு, அதாவது நாம் வாங்குகிற 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை குறைந்தது மூன்று. முன்கையும் தோளும் அந்தப் பாரத்தில் பங்கு வாங்கப் பழகாதவரை கழுத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

11. முன்கை தயாரா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். முழங்கை இரண்டையும் ஊன்றி, விரல்களைக் கோத்து, தலையைத் தரையில் வைக்காமல் இடுப்பை மட்டும் மேலே தூக்குங்கள். இங்கே டால்பின் என்பார்கள். தோள் காதுப் பக்கம் சரியாமல் பத்து மூச்சு நிற்க முடிந்தால் அடுத்த படி, முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் இதே.

12. என் அனுபவத்தைச் சொல்கிறேன். இதற்கு முன் நான் போன வேறொரு வகுப்பில் இரண்டாவது வாரமே காலைப் பிடித்துச் சிரசாசனத்தில் நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. லேன் மாற முடியாமல் அலுவலகத்துக்கு ரயிலில் போனேன், கோபே இரண்டு முறை கட்டினேன். யாராவது காலைப் பிடித்துத் தூக்க வந்தால் 'வேண்டாம், நானே ஏறுகிற அன்றைக்கு ஏறுகிறேன்' என்று தயங்காமல் சொல்லுங்கள்.

13. யோகா சொல்லிக்கொடுக்க இங்கே மாநில லைசென்ஸ் எதுவும் கிடையாது. பலர் சொல்லும் 200 மணி நேரச் சான்றிதழ் தொடக்கப் பயிற்சிதான். சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், கழுத்து வலி உள்ளவருக்குப் பதிலாக என்ன தருவீர்கள், சிரசாசனத்துக்கு முன் எத்தனை மாதம் தயார் செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்கு 'இன்றைக்கே' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

14. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு டீச்சர் இரண்டு பேரைத்தான் ஒரே நேரத்தில் உன்னிப்பாகப் பார்க்க முடியும். எங்கள் வகுப்பில் இருவர் ஏறுவார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள். பார்த்தே பாதி கற்றுக்கொண்டோம்.

15. இடத்துக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குடியிருப்பு கிளப்ஹவுஸ், பொது நூலகத்தின் கூட்ட அறை, நகராட்சிப் பொழுதுபோக்குத் துறை வகுப்பு என்று விசாரித்தால் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். நாத்தனார் ஃப்ரிஸ்கோவில் கிளப்ஹவுஸ் அறையைக் காலை ஆறரைக்கே பிடித்துவிடுவாளாம், அந்த நேரத்துக்குப் போட்டி இல்லை.

16. இனி வீட்டுச் சுவர். இங்கே உள்சுவர் பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை, பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம். குதிகாலால் ஓங்கி அடித்தால் பலகையில் பள்ளம் விழும், வாடகை வீடென்றால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். தட்டிப் பார்த்துக் கெட்டியாகச் சத்தம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

17. நியூஜெர்சிப் பழைய அபார்ட்மென்டுகளில் சுவரடியில் ஓடுகிற பேஸ்போர்டு ஹீட்டர் பக்கம் போகவே வேண்டாம், குளிர்காலத்தில் கை சுட்டுவிடும். டெக்சாஸ் வீட்டில் நிமிர்ந்து சீலிங் ஃபேனைப் பாருங்கள். நிலநடுக்கம் வருகிற பே ஏரியாவில் தலைக்கு மேலே மாட்டிய படங்களைக் கழற்றுங்கள். சித்தி பெண் வீட்டில் தஞ்சாவூர் ஓவியம் இப்போது எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.

18. ஒற்றைச் சுவரைவிட இரண்டு சுவர் சேரும் மூலை நல்லது. பின்பக்கமும் சாய முடியாது, ஒரு பக்கம் சரியவும் முடியாது.

19. மெத்துமெத்தென்ற கார்ப்பெட்டில் சிரசாசனம் கூடாது. முழங்கை அமிழும், தலை ஆடும், கழுத்து அதைச் சமாளிக்கப் போராடும். மரத்தரையோ டைல்ஸோ உள்ள இடத்தில் யோகா மேட் விரித்து, அதன் மேல் ஒரு விரிப்பை நான்காக மடித்துப் போடுங்கள்.

20. பரணில் கிடக்கும் பவானி ஜமக்காளத்தை எடுங்கள், இதைவிட நல்ல சாதனம் கடையில் கிடையாது. ஊரிலிருந்து பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு வந்ததே என்று நான் பல வருஷம் அலுத்துக்கொண்ட பொருள். கம்பளிப் போர்வை உடம்பு எடையில் அமுங்கிவிடும், இந்தக் கெட்டிப் பருத்தி அமுங்காது. நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு என்று மடித்து, நூல் முனைகள் எல்லாம் ஒரு பக்கமும் மழமழவென்ற மடிப்பு ஓரம் கழுத்துப் பக்கமும் வரும்படி வையுங்கள். உள்ளங்கையால் ஒரு தடவை தடவிச் சுருக்கம் எடுங்கள், ஒரே ஒரு சுருக்கம்கூடத் தோளில் உறுத்தும். மொத்த உயரம் இரண்டு மூன்று அங்குலம் வரட்டும். தோள் மடிப்புக்கு ஓர் அங்குலம் உள்ளே, தலை வெறும் தரையில், கழுத்து நடுவில் தொங்கலில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கழுத்துக்கும் தரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்க்கட்டும். நுழைந்தால் சர்வாங்காசனத்துக்கு நீங்கள் தயார், நுழையாவிட்டால் இன்னொரு மடிப்பு.

21. நூலகத்தில் பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' கிடைக்கும், எடுத்துப் படியுங்கள். ஆனால் 1966ல் வந்த புத்தகம் அது, படங்களில் அவர் தோளுக்கு உயரம் கொடுக்காமலே சர்வாங்காசனம் செய்கிறார். மடித்த விரிப்பு, பெல்ட், நாற்காலி என்று சாதாரண உடம்புக்கு வழி காட்டியவரும் அவரேதான். படத்தைப் பார்த்து அப்படியே செய்யாமல், அவர் பின்னால் கற்றுக்கொடுத்த விதத்தில் செய்யுங்கள்.

22. யோகா பிளாக்குக்குப் பதில் பிள்ளைகள் எழுதி முடித்த எஸ்ஏடி வழிகாட்டிப் புத்தகங்கள். இரண்டை அடுக்கிப் பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினால் அசையாது.

23. பெல்ட்டுக்குக் கெட்டிப் பருத்திச் சேலையின் பார்டரைக் கிழித்துத் தோள் அகலத்துக்கு வளையமாக முடிச்சிடுங்கள். முழங்கைக்குச் சற்று மேலே மாட்டினால், சர்வாங்காசனத்தில் முழங்கை வெளியே விரியாது. பட்டுப் பார்டர் வழுக்கும், வேண்டாம்.

24. நாற்காலி வைத்துச் செய்வதென்றால் இரும்பு மடக்கு நாற்காலிதான், அதன் காலடியிலும் மேட் விரித்திருக்க வேண்டும். சக்கரம் உள்ள ஆபீஸ் நாற்காலியைத் தொடவே கூடாது. நாற்காலி சர்வாங்காசனத்தை டீச்சர் இல்லாத நாளில் வீட்டில் முயல வேண்டாம்.

25. தாலிச் சங்கிலி முகத்தில் விழும். சட்டைக்குள் விட்டு, உள்பக்கமாக ஒரு சேஃப்டி பின் குத்திவிடுங்கள். ஜிமிக்கி, கண்ணாடி, பின்னால் குத்தும் க்ளிப் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, முடியைத் தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

26. எண்ணெய்க் குளியல் நாளில் தலைகீழ் ஆசனம் வேண்டாம். எத்தனை சீயக்காய் போட்டாலும் மேட்டில் பிசுக்கு ஒட்டும், அடுத்தவர் கை வழுக்கும். ஒட்டிவிட்டால் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

27. உங்கள் வகுப்பு மாலை ஏழு மணிக்கென்றால் மூன்று மணிக்குப் பிறகு சாம்பார் சாதம் கூடாது. நாலரைக்கு ஒரு வாழைப்பழம் போதும். ரசமும் சாதமும் திரும்பி வந்ததும் சாப்பிடத் தயாராக இருக்கட்டும், வயிறு அதை நினைத்துக்கொண்டே அடங்கும்.

28. ஜனவரிக் குளிரில் காரிலிருந்து இறங்கியதும் மேலே ஏறாதீர்கள். பதினைந்து நிமிஷம் கையை வீசி, தோளைச் சுழற்றி, உடம்பு சூடான பிறகுதான் ஜாக்கெட்டையே கழற்றுவோம். டெக்சாஸ் வெயிலில் நேர்மாறு, உள்ளங்கை வியர்வைக்குப் பக்கத்திலேயே ஒரு ஈரிழைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

29. ஏறுவதற்கு முன்னால் இறங்கப் பழகுங்கள். எங்கள் டீச்சர் ஒரு மாதம் முழுக்க இறங்குவதை மட்டும் செய்யவைத்தார். சர்வாங்காசனத்தில் முழங்காலை நெற்றிப் பக்கம் மடித்து, கைகளை முதுகிலேயே வைத்தபடி, முதுகெலும்பை ஒவ்வொரு மணியாகத் தரையில் வைக்க வேண்டும், தலை எழும்பவே கூடாது. தடால் என்று இடுப்பு விழுந்தால் அன்றைக்கு மறுபடி ஏற விடமாட்டார். கால் மேலே நேராக நிற்பதைவிட, சத்தமில்லாமல் கீழே வருவதைத்தான் எங்கள் வகுப்பில் கைதட்டிப் பாராட்டுவோம்.

30. மேலே இருக்கும்போது தலையைத் திருப்பாதீர்கள், பேசாதீர்கள். கதவு மணி அடித்தாலும், பால் பொங்கினாலும் முதலில் இறங்குவது, அப்புறம்தான் மற்றது. செல்போனை வேறு அறையில் விட்டுவிட்டு வாருங்கள்.

31. பக்கத்தில் நின்று துணை செய்பவருக்கும் பழக்கம் வேண்டும். பக்கவாட்டில் நில்லுங்கள், கையை இடுப்புக்கு அருகில் தயாராக வையுங்கள், காலை இழுக்காதீர்கள். 'போதும்' என்ற ஒரு சொல் வந்தால் யாராக இருந்தாலும் உடனே இறங்குவது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

32. சின்னக் குழந்தைகளும் நாய்க்குட்டியும் வகுப்பு நடக்கிற அறைக்குள் வரக் கூடாது. நாங்கள் முறைபோட்டு வாரம் ஒருவர் மாடியில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறோம், பேபிசிட்டர் செலவு மிச்சம். வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பார்த்துத் தானும் சோபாவில் தலைகீழாக நிற்கும் பிள்ளையை ஒரு கண் பாருங்கள்.

33. கை விரல் மரத்துப்போவது, காதில் இரைச்சல், கண்ணில் அழுத்தம், தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும் மூச்சு எண்ணி முடிக்காமல் இறங்குங்கள். மரமரப்பு அன்று மாலைக்குள் போகாவிட்டால் டாக்டர். கை கால் பலவீனமானால் காத்திருக்கவே கூடாது, 911.

34. இறங்கியதும் எழுந்து நிற்காதீர்கள். சிரசாசனத்தில் எத்தனை மூச்சு நின்றீர்களோ அத்தனை மூச்சு பாலாசனத்தில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடங்கள். சர்வாங்காசனத்துக்குப் பிறகு மல்லாந்தபடி ஒரு நிமிஷம் ஓய்வு, அப்புறம் டீச்சர் சொன்னால் மச்சாசனம், பிறகு வலப்பக்கமாகப் புரண்டு கை ஊன்றி எழுங்கள்.

35. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் அழைத்து வாருங்கள், ஆனால் அவர்களுக்குச் சுவர் ஆசனம் மட்டும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு முழுப் பணம் கிடைக்காது, ஒரு தடவை தவறி விழுந்தால் வருஷச் சேமிப்பு போய்விடும். மாமியார் 'இதெல்லாம் வெள்ளைக்காரர் உடற்பயிற்சி' என்று கூச்சப்பட்டால், கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் 1966ல் நியூயார்க் வந்து யோகா சொல்லிக்கொடுத்ததையும், 1969ல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியதையும் சொல்லுங்கள். என் மாமியார் மறுநாளே சல்வார் கேட்டார்.

36. ஒருவருக்குச் சரியானது அடுத்தவருக்கு ஆகாது. யோக ஆசான் டி. கிருஷ்ணமாச்சாரியார் பெயரில் அவர் மகன் தேசிகாச்சார் 1976ல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரத்தில், ஆளைப் பார்த்துத்தான் ஆசனம் கொடுப்பார்கள். எங்கள் எட்டுப் பேரில் மூவர் சிரசாசனம் பக்கமே போனதில்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் வகுப்பு.

37. ஜூன் 21 யோகா தினத்தில் பார்க்கில் கூட்டமாகச் செய்வது உற்சாகமாகத்தான் இருக்கும். புல்தரை மேடுபள்ளமாக இருக்கும், சுவரும் இருக்காது. அன்றைக்குக் கால்கள் தரையிலேயே இருக்கட்டும், போட்டோவுக்கு விருட்சாசனம் போதும்.

38. மாடி அபார்ட்மென்டில் இருப்பவர்கள் காலை ஆறு மணிக்குப் பழகினால், கால் இறங்கும் இடத்தில் ஒரு பழைய ரஜாயை மடித்துப் போடுங்கள். கீழ் வீட்டுக்காரர் தூக்கம் கெடாது, குதிகாலுக்கும் நல்லது.

39. செலவுக் கணக்கை எட்டாகப் பிரித்து மாத முதல் வாரத்தில் ஒருவரே வசூலியுங்கள், டீச்சர் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள். வராத வாரத்துக்கும் பணம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வருகை தானாகக் கூடும்.

40. ஜமக்காளத்தைத் துணிகளோடு சேர்த்து மெஷினில் போடாதீர்கள், சாயம் போகும். குளிர்ந்த தண்ணீரில் கைப்பிடி உப்பு போட்டுத் தனியாக அலசி, டெக் கைப்பிடியில் விரித்து உலர்த்துங்கள். டிரையரில் போட்டால் ஓரம் சுருங்கும், அப்புறம் மடிப்பு எத்தனை தடவினாலும் நேராக வராது.